நல்ல கைக்கும் எதற்கு எக்ஸ்ரே?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. 2 வருடத்துக்கு முன் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டோம், எலும்பு கூடிவிட்டது. ஆனால் கையை நீட்டினால் முன்கை உடம்புப் பக்கமாகச் சாய்கிறது. வலி இல்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். டாக்டரோ இரண்டு கைக்கும் எக்ஸ்ரே கேட்கிறார். நல்ல கைக்கு எதற்கு?

பதில்: நல்ல கைதான் அளவுகோல். உள்ளங்கை முன்னால் தெரியும்படி கையைத் தொங்கவிட்டால், முன்கை உடம்பைவிட்டுச் சற்று வெளியே விலகித்தான் நிற்கும். பெரும்பாலும் 5 முதல் 15 டிகிரி. ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் பையனுக்கு இயல்பு எத்தனை என்பதை அவனுடைய வலது கைதான் சொல்லும். அது வெளியே 10 டிகிரி, இடது கை உள்ளே 15 டிகிரி என்றால், திருத்த வேண்டிய கோணல் 25. அறுவை சிகிச்சையில் எலும்பிலிருந்து எவ்வளவு பெரிய ஆப்பு வடிவத் துண்டு வெட்டி எடுப்பது என்பதும் இந்தக் கணக்கில்தான்.

படம் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். தோளும் முழங்கையும் ஒரே மட்டத்தில், கை முழுக்க நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். கை கொஞ்சம் மடங்கியிருந்தாலே கோணல் ஒளிந்துகொள்ளும். மூட்டு மட்டும் விழுந்த ஃபிலிமில் கோணம் அளப்பது கஷ்டம். மேல்கை, முன்கை இரண்டிலும் பாதியாவது தெரியட்டும்.

வளர்ந்தால் சரியாகுமா? பக்கவாட்டுக் கோணல் சரியாகாது. மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் முழங்கைப் பக்கத்து வளர்ச்சித் தட்டின் (எலும்பு முனையில் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பகுதி) பங்கு சுமார் 20 சதவீதம்தான். கோணலை நிமிர்த்த அது போதாது. எண்ணெய் போட்டு உருவினாலும் நிமிராது. அந்த வேலையே வேண்டாம். எலும்பு கோணலாகக் கூடியதுதான் பொதுவாகக் காரணம் என்பதால், கோணல் பெரும்பாலும் அதிகமாகவும் செய்யாது. 6 மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கைகளையும் தொங்கவிட்டு போட்டோ எடுத்து வையுங்கள். கோணல் அதிகமானால் வளர்ச்சித் தட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். எலும்பு முறுக்கிக் கூடியிருந்து, அறுவை சிகிச்சை என்று முடிவானால் சி.டி. உதவும். இப்போதைக்கு எக்ஸ்ரே போதும்.

வலி இல்லை, அழகுப் பிரச்சினைதானே என்று ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. பல வருடம் கழித்துச் சிலருக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகும், முழங்கை நிலைகுலையும்.

விழுந்த அன்று எடுத்த ஃபிலிம் பரணில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முறிவு எந்த இடத்தில் என்பதை இன்றைய படத்தைவிட அதுதான் தெளிவாகக் காட்டும்.