மாத்திரையின் மேல்பூச்சுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்

கேள்வி: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா? செலவு குறையுமே. (வாசகர், சேலம்)

பதில்: கூடாது, மேல்பூச்சு உடைந்துவிடும். 20 மி.கி. தனியாகவே விற்கிறது. போதுமா என்று டாக்டரைக் கேட்டு அதை வாங்குங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 78 வயது, மாத்திரை விழுங்க வராது. அதே பான்டோப்ரசோலை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். ஒரு மாதமாகியும் நெஞ்செரிச்சல் குறையவில்லை. கடையில் போலி மருந்து கொடுத்துவிட்டார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போலி என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. இடித்ததுதான் காரணமாக இருக்கும். பான்டோப்ரசோல் அமிலம் பட்டாலே சிதைந்துபோகிற மருந்து. அதனால்தான் அதன்மேல் பாலிமர் பூச்சு போடுகிறார்கள். வெறும் வயிற்றில் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1 முதல் 3 வரை இருக்கும். அந்த அமிலத்தில் பூச்சு அசையாமல் நிற்கும். சிறுகுடலில் பி.எச். 5.5-ஐத் தாண்டியதும் கரைந்து மருந்தை வெளியே விடும். அமிலத்தில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்துத்தான் இந்த வகை மாத்திரையைத் தேற விடுகிறார்கள். உரலில் ஒரு தட்டு விழுந்தால் அந்தப் பூச்சு போச்சு, மருந்தும் இரைப்பையிலேயே வீணாகிவிடும்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவரம் மாத்திரைப் பட்டையில் இருக்கிறது: 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' என்று, பளபளக்கும் அலுமினியத் தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில். ஆறு மாத்திரை கேட்டால் கத்தரியால் நறுக்கித் தருகிறார்கள். பெயரில் பாதி நமக்கு வரும், பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் கடையிலேயே தங்கிவிடும். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'இடிக்காதீர்கள், மெல்லாதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? கவுன்டரில் நிற்பவர் வாய் திறந்து சொல்லக் காசே வேண்டாம். உதிரியாக வாங்கினால் பேட்ச் எண்ணையும் காலாவதி தேதியையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், விழுங்க முடியாததை டாக்டரிடம் சொல்லுங்கள். பூச்சிட்ட சிறுமணிகள் அடங்கிய கேப்ஸ்யூல், தண்ணீரில் கலக்கும் தூள் என்று இதே குடும்பத்து மருந்துகளில் மாற்று உண்டு.

கேள்வி: மகனின் மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட்டை (கையை அசையாமல் தாங்கும் அச்சு) மே மாதம் காரின் டாஷ்போர்டில் வைத்திருந்தோம். வளைந்துவிட்டது. புதிது தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: எதற்கு வழக்கு? 60-70 டிகிரி வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும் என்பதற்காகத்தானே அந்தப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள்? அதைச் செய்யும்போது நீங்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள். பூட்டிய காரின் டாஷ்போர்டு கோடையில் அந்தச் சூட்டுக்குப் போகும். செய்துகொடுத்த தெரபிஸ்டிடமே கொண்டுபோங்கள், பெரும்பாலும் மறுபடி இளக்கிப் படிய வைத்துவிடலாம். வீட்டில் முயலாதீர்கள், பையனின் தோல் வெந்துவிடும்.

கேள்வி: பெருங்குடல் புண்ணுக்கு மெசலமின் சாப்பிடுகிறேன். சில நாள் மாத்திரை முழுசாக மலத்தில் வருகிறது. விலை அதிகமான மருந்து ஐயா. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சில பிராண்டுகளில் வெறும் கூடு வெளியே வருவது சகஜம். ஆனால் பி.எச். 7 வந்தால்தான் கரையும் பூச்சும் உண்டு, பேதி கடுமையாக இருந்தால் அது கரையாமலே வெளியேறலாம். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 'உடல் சூட்டில் மருந்தை விடும் ஸ்மார்ட் பாலிமர் பட்டை' என்று போனில் விளம்பரம் பார்த்து, அப்பாவின் மூட்டுவலிக்கு 3,800 ரூபாய் கட்டினேன். வந்தது சாதாரண ஜெல் பட்டை. இப்போது போனை எடுப்பதில்லை. (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. நானும் இதே போன்ற முழங்கால் பட்டைக்குப் பணம் கட்டி ஏமாந்தவன். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரிகூட இல்லை. விளம்பரத்தில் சொல்கிற பொருள் உலகத்தில் இல்லாமல் இல்லை: பொலாக்சமர் 407 என்ற பாலிமரின் கரைசல் குளிரில் நீராக இருந்து, உடல் சூட்டில் ஜெல்லாகும். அந்த உண்மையைக் காட்டித்தான் பொய்யை விற்கிறார்கள். மருந்து இருக்கிறது என்றால் அதன் பெயர், அளவு, உரிம எண் மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும்.

பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கே 1930-க்கு (இணைய மோசடிப் புகார் எண்) சொல்லி வங்கிக்கும் எழுதுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். விற்றவரின் முகவரி கிடைத்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.