தொண்டு நிறுவன வண்டிக்கு ஓட்டுநர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பகல்நேரப் பள்ளி நடத்துகிறோம். 13 சீட் வேன் வாங்கியிருக்கிறோம். ஓட்டுநர் வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. மூவருமே ‘இதுவரை ஒரு கீறல்கூடப் போட்டதில்லை’ என்கிறார்கள். யாரை எடுப்பது? பேட்ஜ் கட்டாயமா?
– பள்ளிச் செயலாளர், திண்டுக்கல்

லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டால் சரிபார்த்ததாக ஆகாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ‘சாரதி’ பகுதிக்குப் போய் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெரிந்துவிடும். போக்குவரத்து வாகனத்துக்கான (வாடகை வண்டி, பள்ளி வண்டி போன்றவை) அனுமதி 5 ஆண்டுதான். சொந்த வண்டி ஓட்டும் அனுமதி அதைவிட அதிக காலம் இருக்கலாம். ஆகவே இரண்டு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய இடி இழப்பீடு. விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உங்களிடமே வசூலிக்க வரும்.

பேட்ஜ் என்பது போக்குவரத்து வாகனம் ஓட்டத் தனியாக வாங்கும் அனுமதி. அந்த விஷயத்தில், 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை ஓட்ட, கார் ஓட்டுவதற்கான இலகு ரக (எல்.எம்.வி.) லைசென்ஸே போதும்; தனி அனுமதி தேவையில்லை. உங்கள் 13 சீட் வேன் அந்த எடைக்குள்தான் வரும், ஆர்.சி.யில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கண். வெயில் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது லைசென்ஸ் படிவத்திலேயே உள்ள கேள்வி. பள்ளி வாசலில் நிறுத்தி அதைச் செய்து பாருங்கள். பிறகு முறையான கண் பரிசோதனைக்கு உங்கள் செலவிலேயே அனுப்புங்கள்.

உண்மையில் ஆளைக் காட்டிக்கொடுப்பது ஓட்டிப் பார்க்கும் சோதனைதான். பலரும் பள்ளி வளாகத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு விடச் சொல்வதோடு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. குழந்தைகளை ஏற்றாமல், அவர்கள் வரும் அதே வழியில், காலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டச் சொல்லி ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாரா? நீங்கள் சொல்லாமலே சீட் பெல்ட் போட்டாரா? முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உங்கள் வண்டி அந்தக் கம்பத்தைத் தொட்டால் இடைவெளி போதாது. வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறாரா, தடைமேல் ஏறிய பிறகு பிரேக் மிதிக்கிறாரா? பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை வேனுக்குள் நடுப்பாதையில் நிற்க வையுங்கள். அது அடிக்கடி சாய்ந்தால், முதுகை நிமிர்த்தி உட்கார முடியாத குழந்தையும் அப்படித்தான் சாயும். நடுவழியில் அலுவலகத்திலிருந்து அவர் செல்போனுக்கு ஒரு அழைப்பு விடச் சொல்லுங்கள். எடுத்தால் அவர் உங்களுக்கு வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது ஹெல்பரை இறங்கிப் பார்க்கச் சொல்பவர், ஆள் இல்லாவிட்டால் தானே இறங்கிப் பார்ப்பவர், நல்ல ஓட்டுநர்.

நேர்காணலில் ‘விபத்து செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். ‘நல்லவேளை தப்பித்தோம் என்று கடைசியாக எப்போது நினைத்தீர்கள், அதில் உங்கள் தவறு என்ன?’ என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்பவரை நம்பலாம். பழைய முதலாளியிடம் ‘ஆள் எப்படி?’ என்று கேட்பதற்குப் பதில், ‘மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?’ என்று கேளுங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். சேர்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் பயணிக்கும் வண்டி இது. சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக வந்தாலும், முதல் குழந்தை ஏறுவதிலிருந்து கடைசிக் குழந்தை இறங்கும்வரை பெண் உதவியாளர் ஒருவர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். உதவியாளர் வராத நாளில் வண்டி எடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஓட்டுநர் நல்லவர்தான், ஆனால் வேகமாகப் போகிறார் என்று பெற்றோர் புகார். ஜி.பி.எஸ். பொருத்தினால் சரியாகிவிடுமா?
– அறங்காவலர், ஈரோடு

பொருத்துங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் நேர அட்டவணையைக் கையில் எடுங்கள். 12 நிறுத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். நடக்கச் சிரமப்படும் குழந்தையை ஏற்றி, பெல்ட் போட்டு, கதவைச் சாத்த 3 நிமிடம் ஆகும். மொத்தம் 36 நிமிடம். தூரம் 22 கிலோமீட்டர், ஊருக்குள் சராசரி வேகம் மணிக்கு 25 என்றால் இன்னொரு 53 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். அட்டவணையில் ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தால், அந்த அரை மணி நேரத்தை ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரில்தான் தேடுவார். தாமதமாக வந்த நாளில் அலுவலகத்தில் ஒருவர் முகம் சுளித்தாலே போதும், மறுநாள் வேகம் கூடிவிடும். ‘தாமதமானால் தாமதமாகட்டும், கேள்வி வராது’ என்று எழுதிக் கொடுங்கள். பெற்றோருக்குத் தகவல் சொல்வது உதவியாளர் வேலை. வண்டி ஓடும் நேரத்தில் ஓட்டுநரை அலுவலகத்திலிருந்து யாரும் அழைக்கக் கூடாது, செயலாளர் உட்பட.

வேலை நேரத்தையும் பாருங்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) சொன்னது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவே அரை மணி ஓய்வு. உங்களிடம் ஒரே ஒரு ஓட்டுநர் இருந்தாலும் இதையே அளவாக வையுங்கள். காலை 6 மணிக்கு வேன் எடுத்தவரை இரவு நன்கொடையாளரை ரயில் நிலையத்தில் விட்டுவரச் சொல்லி, மறுநாள் மறுபடி 6 மணிக்கு வரச் சொன்னால், தூக்கக் கலக்கத்துக்குப் பொறுப்பு நிர்வாகம்தான்.

இவ்வளவும் செய்த பிறகு ஜி.பி.எஸ். பதிவை வாரம் ஒருமுறை ஓட்டுநரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில், ஏன் வேகம் கூடியது என்று கேளுங்கள்.

கேள்வி: தன்னார்வலர்கள் சொந்தக் காரில் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். காப்பீடு செல்லுமா?
– முதியோர் சேவை அமைப்பு, மதுரை

சொந்தக் காருக்கான பாலிசி, வாடகைக்கு ஓட்டினால் செல்லாது. ஆகவே முதியவரிடமோ அவர் குடும்பத்திடமோ ‘பெட்ரோலுக்கு’ என்று 100 ரூபாய்கூட வாங்கக் கூடாது. அமைப்பு எரிபொருள் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தால், தன்னார்வலர் தன் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. லைசென்ஸ், காப்பீடு, புகைச் சான்று மூன்றின் காலாவதித் தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை புரட்டுங்கள். சேவை செய்ய வந்தவரிடம் காகிதம் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். காசு கொடுத்து வண்டி எடுப்பதானால் மஞ்சள் போர்டு வண்டிதான்.

அமைப்பின் பெயரிலேயே வண்டி இருந்தால் இன்னொரு ஓட்டை உண்டு. உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு உங்கள் ஊழியருக்குப் பொருந்தாது. சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர் பெயரில் தனி விபத்துக் காப்பீடும் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: 17 வருடமாக இருக்கும் ஓட்டுநர். இப்போது வயது 58, சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். நிறுத்தச் சொல்வதா?
– காப்பக நிர்வாகி, தஞ்சாவூர்

நோயின் பெயரைக் கேட்டதும் நிறுத்திவிட்டால், அடுத்தவர் தன் நோயை மறைப்பார். மருத்துவரிடம் ‘இவர் பயணிகள் வண்டி ஓட்டலாமா?’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வாங்குங்கள். ஓட்டும் நேரத்தில் ஆபத்தானது சர்க்கரை திடீரென இறங்குவது: வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம். ஆகவே சாப்பிடாமல் வண்டி எடுக்கக் கூடாது; குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கிவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, இனிப்பு சாப்பிட்டு, சர்க்கரை சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாற்று ஓட்டுநர் ஒருவரைத் தயாராக வைத்திருந்தால்தான் ‘இன்று முடியவில்லை’ என்று அவர் வாய்திறந்து சொல்வார். மருத்துவர் வேண்டாம் என்றால், அதே சம்பளத்தில் வாகனப் பராமரிப்பு, டீசல் கணக்கு, புதியவருக்கு வழி காட்டுவது என்று மாற்றிக் கொடுங்கள். 17 வருட வழி அறிவு உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

கேள்வி: விபத்து நடந்தால் ஓட்டுநர் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

எஞ்சினை நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சட்டப்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் விலகி நேராகக் காவல் நிலையம் போகலாம். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதற்கான எண்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, உதவியாளர் சீட்டுக்கு எதிரே ஒட்டுங்கள். அந்த நேரத்தில் ஓட்டுநரின் கை நடுங்கும்; போன் செய்யப்போவது பெரும்பாலும் உதவியாளர்தான்.