சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காலி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளக் கவர் போடுவதும் அட்வான்ஸ் நோட்டு எழுதுவதும் என் வேலை. அந்த நோட்டில் மாதாமாதம் அதே பெயர்கள்தான் வரும், ஆனால் அவர்களில் ஊதாரி என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. எப்போதோ ஒரு ஆஸ்பத்திரிச் செலவிலோ கல்யாணச் செலவிலோ ஒரு சம்பளம் முழுசாகப் போயிருக்கும், அந்த ஓட்டையை அடுத்த சம்பளத்தில் அடைத்து, அதை அதற்கடுத்த சம்பளத்தில் அடைத்து, இப்படியே வருடக்கணக்கில் ஒரு மாதம் பின்தங்கியே ஓடிக்கொண்டிருப்பார்கள். பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். என்னால் சொல்ல முடிந்தவற்றுக்குச் சொல்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பி: சம்பளம் 28,000 அக்கா. வாடகை 9,000, ஊருக்கு 6,000, பைக்குக்கும் போனுக்கும் தவணை 6,800. பத்தாம் தேதிக்கு மேல் கைமாற்றுதான். டீ, சிகரெட்டை நிறுத்தினால் சரியாகுமா?

சிகரெட்டை உங்கள் உடம்புக்காக நிறுத்துங்கள் தம்பி, கணக்கு அதனால் மட்டும் சரியாகாது. கூட்டிப் பாருங்கள், 21,800 போனபிறகு கையில் நிற்பது 6,200. அதில்தான் சென்னையில் முப்பது நாள் சாப்பாடு, பெட்ரோல், ரீசார்ஜ், கரண்ட் பில் எல்லாம். யாராக இருந்தாலும் பத்தாம் தேதி தீர்ந்துதான் போகும், இதில் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

போன் தவணை 2,300, இன்னும் நாலு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு மாதம் பல்லைக் கடித்து ஓட்டுங்கள். முடிந்தால் அறையில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வாடகை ஒன்றுதான் உங்கள் கணக்கில் பெரிதாகக் குறையக்கூடியது. போன் கடன் முடிந்த அடுத்த மாதம் நிறைய பேர் வேறு ஏதாவது ஒன்றைத் தவணையில் எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அதே தேதியில் அதே 2,300-ஐ வங்கி ஆர்.டி.க்கு, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கும் கணக்குக்கு, போகும்படி செய்துவிடுங்கள். இல்லாமல் வாழப் பழகிய பணம் அது, வலிக்காது. வருடத்துக்கு 27,600, ஏறக்குறைய உங்கள் ஒரு மாதச் சம்பளம். அது கையில் வந்த நாளிலிருந்து இந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் செலவு செய்யலாம். கைமாற்று கேட்கிற பத்தாம் தேதி அங்கேதான் நிற்கும்.

சேலம், பள்ளி ஆசிரியை: கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது. மாதம் தவறாமல் மினிமம் 3,000 கட்டுகிறேன், குறையவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லைங்க, அது அப்படித்தான் குறையாமல் நிற்கும். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம் பக்கம். 60,000-க்கு 2,100, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 378. ஆக 2,478 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 522 ரூபாய். அந்த மாதமே மளிகைக்கு ஒரு 600 ரூபாய்க்குத் தேய்த்தால் கடன் ஏறியிருக்கும். இன்னொன்றும் உண்டு: பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி, அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகையெல்லாம் கிடையாது.

வங்கியில் நகைக்கடன் மாதம் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். 60,000-க்கு வட்டி 600 ரூபாய்தான். நகையை வைத்து கார்டை ஒரே அடியாக அடைத்துவிட்டு, கார்டுக்குக் கட்டிய அதே 3,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் அசலோடு கட்டிவாருங்கள், இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் கார்டை வெட்டிப் போட்ட பிறகு வங்கிக்குப் போங்கள். கார்டைப் பையில் வைத்துக்கொண்டே நகையையும் அடகு வைத்தவர்கள் ஒரே வருடத்தில் இரண்டு கடனோடு நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்: சனிக்கிழமை 4,500 வாங்கினால் புதன்கிழமை இல்லை. வாடகை 6,000 மொத்தமாக வரும்போது கண் கட்டுகிறது அக்கா.

நம்ம ஊர்க் கணக்கு, எனக்கு மனப்பாடம். வாரக்கூலியும் மாத வாடகையும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதனால் வாடகையையும் வாரமாக்கிவிடுங்கள். கவரைப் பிரித்ததும், மளிகைக்கடைப் பக்கம் போவதற்கு முன்பே, 1,500-ஐ எடுத்து வேறு கவரில் போட்டு வீட்டுக்கார அம்மா பெயரை எழுதி வைத்துவிடுங்கள். செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா கம்பெனி வாசலில் நின்றே இதைச் செய்வார், கவரை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

அப்புறம், வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதம் நாலு என்று வைத்தால் 48-தான் ஆகிறது. மீதி நாலு வாரம், அதாவது ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் அந்த ஐந்தாவது கவருக்கு வாடகைப் பங்கு கிடையாது. வருடத்துக்கு 6,000 ரூபாய். அதைத் தனியாக வையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, ஆர்டர் வந்து மிஷின் ஓடும்வரை கையில் காசில்லாமல் இருப்பீர்களே, அந்த வாரங்களுக்கு அது.

மதுரையிலிருந்து ஒரு தங்கை: அம்மா வீட்டுவேலை செய்கிறார். தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கொடுத்தார்கள், நூறு நாள் தினம் 100 ரூபாய். ஒன்று முடியும் முன் இன்னொன்று வாங்குகிறார். எப்படி நிறுத்துவது?

தினம் நூறு ரூபாய்தானே என்று தோன்றும், அதனால்தான் பயம் வருவதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் அந்த நூறு நாளில் அம்மா கையில் சராசரியாக இருந்த கடன் 4,500-ஐத் தாண்டாது. அதற்கு வட்டி 1,500. நூற்றுக்கு மாதம் பத்து வட்டி ஆகிறது. அதை நேராகச் சொல்லியிருந்தால் அம்மா வாங்கியிருப்பாரா?

பழைய தண்டலை அடைக்கப் புது தண்டல் என்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். ஓடுவது ஓடி முடியட்டும். முடிந்த மறுநாள் யாரும் வசூலுக்கு வரமாட்டார்கள், அன்றும் அந்த நூறு ரூபாயை எடுத்து ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். முப்பது நாளில் 3,000. அடுத்த அவசரத்துக்கு அம்மா முதலில் கடன் கேட்கவேண்டியது அந்த டப்பாவிடம்தான். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள், குழுக் கடன் வட்டி இதன் பக்கத்திலேயே வராது. மிரட்டல், வீட்டு வாசலில் சத்தம் என்று போனால் பயப்பட வேண்டாம். 2003-ல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டியோடு தண்டலும் சேர்ந்தே இருக்கிறது, போலீஸில் எழுதிக் கொடுக்கலாம்.

புதுக்கோட்டை: ஆடி, ஆவணி வந்தால் மொய் எழுதியே சம்பளம் போகிறது. போகாமல் இருக்கலாமா?

இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் மொய் என்பது வாங்கிய கடனைத் திருப்புவது, நோட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் ஆடி வரும் என்பது தையிலேயே தெரியுமே. போன வருட மொய் நோட்டை எடுத்துக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அதை மாதச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் தீபாவளித் துணிக்கும் இதேதான்.

ஏலச்சீட்டு பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும்: பதிவு செய்த சீட்டு என்றால் போடலாம், பதிவு எண் கேளுங்கள். தெருவில் தெரிந்தவர் என்பதற்காகப் போடுவதென்றால் வேண்டாம்.

ஓசூர்: லோன் ஆப்பில் 5,000 வாங்கினேன். என் போனில் இருக்கும் எல்லோருக்கும் மெசேஜ் போடுவேன் என்று மிரட்டுகிறார்கள்.

முதலில் வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள் தம்பி, பாதி பயம் அதிலேயே போகும். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நியாயமான நிறுவனமாக இருந்தாலும் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களை அவமானப்படுத்தவும் கூடாது. இதை அடைக்க இன்னொரு ஆப்பில் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

கோவை, பெயர் வேண்டாம் என்றவர்: மொத்தக் கடன் 3,40,000. மனைவிக்குத் தெரியாது. அடைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன்.

எங்கள் கட்டிங் பிரிவில் ஒருவர், அட்வான்ஸ் வாங்குவதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். ஒருநாள் அவர் மனைவியே ஆபீஸுக்கு வந்துவிட்டார். நோட்டை நீட்டினேன். விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கிக் கூட்டினார், கூட்டி முடித்து, "இவ்வளவுதானா, நான் இதைவிட அதிகமா நினைச்சுப் பயந்துட்டேன்" என்றார். வீட்டில் பணம் இல்லை என்பது அவருக்கு ஒரு வருடமாகத் தெரியும், சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து கணக்கை அவர்தான் பார்த்தார், பதினான்கு மாதத்தில் அந்தப் பெயர் என் நோட்டிலிருந்து போனது.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. ஒன்றையும் விடாமல் எழுதி அவர் கையில் கொடுங்கள். கோபப்படுவார், படட்டும். அவருடைய நகையைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேச்செடுக்காதீர்கள்.