கணைய நீர்க்கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கே: சிறுநீரகக் கல்லுக்காக அப்பாவுக்கு (68 வயது) சி.டி. எடுத்தோம். கணையத்தில் 14 மி.மீ. நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. புற்றுநோயா டாக்டர்?

ப: 60 வயது தாண்டியவர்களுக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது இப்படிச் சின்னக் கட்டி தட்டுப்படுவது சகஜம். பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதே இல்லை. அதற்காக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். அடுத்து எம்.ஆர்.ஐ.யும் அதோடு எம்.ஆர்.சி.பி.யும் (பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) எடுங்கள். கட்டி கணையக் குழாயோடு சேர்ந்திருக்கிறதா என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். கிளைக் குழாயோடு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஐ.பி.எம்.என்., அதாவது சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டி. குழாயோடு சேராமல், தேன்கூடு போல நுண்ணறைகளாக, நடுவில் தழும்போடு இருந்தால் சீரஸ் சிஸ்டடினோமா, அதாவது நீர்த்த திரவம் உள்ள கட்டி. அது புற்றுநோயாவது மிக மிக அரிது.

கே: எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துவிட்டது. எதை முதலில் பார்க்க வேண்டும்?

ப: எல்லோரும் கட்டியின் அளவைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பிரதான கணையக் குழாய் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அது 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், கட்டிக்குள் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனுக்காக ஊசியில் போடும் மருந்து) ஏறும் முடிச்சு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல், கணையத் தலையில் கட்டியோடு மஞ்சள் காமாலை: இவற்றில் ஒன்று இருந்தாலும் கணைய அறுவை நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. குழாய் 5 முதல் 9 மி.மீ., கட்டி 3 செ.மீ. அல்லது அதற்கு மேல், தடித்த சுவர், ஆண்டுக்கு 2.5 மி.மீ.க்குக் குறையாத வளர்ச்சி, கடந்த ஓராண்டுக்குள் புதிதாக வந்த சர்க்கரை நோய் ஆகியவை அடுத்த படி. இவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் (ஈ.யு.எஸ்.) தேவைப்படும். இந்த எண்கள் ஐ.பி.எம்.என். கட்டிகளுக்காக 2024இல் வெளியான சர்வதேச கியோட்டோ வழிகாட்டுதலில் உள்ளவை. குழாயின் அகலமோ முடிச்சு உண்டா இல்லையா என்பதோ ரிப்போர்ட்டில் இல்லையென்றால் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கே: அக்காவுக்கு 46 வயது. கணையத்தின் வால் பகுதியில் 5 செ.மீ. ‘சூடோசிஸ்ட்’ இருக்கிறது, டியூப் வைத்து வடித்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். அக்காவுக்கு இதற்கு முன் கணைய அழற்சி வந்ததுண்டா? மேல் வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பரவி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி நார்மலைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியதாகப் பதிவு இருக்க வேண்டும். சூடோசிஸ்ட் என்பது அழற்சியின் விளைவு. அதற்குச் சுவர் உருவாகவே சுமார் 4 வாரம் ஆகும். அழற்சியும் இல்லை, அடிபட்டதும் இல்லை என்றால் அந்தப் பெயரை நம்பி டியூப் வைக்கக் கூடாது. நாற்பதுகளில் உள்ள பெண், வால் பகுதி, ஒற்றைப் பெரிய கட்டி என்றதும் நினைவுக்கு வர வேண்டியது மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம், அதாவது சளி சுரக்கும் இன்னொரு வகைக் கட்டி. அது ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருவது. அதை வடித்தால் திரவம் போகும், சுரக்கும் உட்படலம் அப்படியே இருக்கும். மறுபடி நிறையும், புற்றுநோயாகும் வாய்ப்பும் உள்ளேயே தங்கிவிடும். அதற்குச் சிகிச்சை வெட்டி எடுப்பதுதான்.

அழற்சி வந்திருந்தாலும் ஒன்றைச் சரிபாருங்கள். வலி வந்த முதல் ஓரிரு நாளில் எடுத்த ஸ்கேனைத் தேடி எடுங்கள். அன்றைக்கே தெளிவான சுவரோடு கட்டி இருந்திருந்தால், அந்த அழற்சி அதை உண்டாக்கியிருக்க முடியாது. கட்டியே அழற்சியைக் கிளப்பியிருக்கலாம். இந்தப் பழைய ஸ்கேனைக் கேட்காமல் விடுவதுதான் தப்பான பெயர் ஒட்டிக்கொள்ள முக்கியக் காரணம்.

கே: ஈ.யு.எஸ்.ஸில் ஊசி போட்டுத் திரவம் எடுத்தார்கள். சி.இ.ஏ. 1,800 என்று இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ப: சி.இ.ஏ. என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். ஆனால் கட்டித் திரவத்தின் சி.இ.ஏ. வேறு, ரத்தத்தின் சி.இ.ஏ. வேறு. திரவத்தில் ஒரு மி.லி.க்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சளி சுரக்கும் வகை என்று பொருள், அவ்வளவுதான். 1,800 என்பதால் புற்றுநோய் என்றோ, 300 என்பதால் ஆபத்தில்லை என்றோ சொல்ல முடியாது. அதை முடிச்சும் குழாயும் செல் பரிசோதனையும்தான் சொல்லும். அதே திரவத்தில் குளுக்கோஸ் 50 மி.கி.க்குக் கீழே இருந்தால் அதுவும் சளி வகையையே காட்டும். ஒரு சொட்டு போதும், செலவும் குறைவு. பார்த்தார்களா என்று கேளுங்கள். திரவத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதி 250 யூனிட்டுக்குக் கீழே என்றால் சூடோசிஸ்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செல் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால் மட்டும் முழுதாக நிம்மதி அடைய வேண்டாம். திரவத்தில் செல்கள் சொற்பமாகத்தான் இருக்கும்.

கே: ரத்தத்தில் சி.ஏ. 19-9 நார்மல். போதாதா?

ப: போதாது. கணையப் புற்றுநோயில் கூடும் பொருள்தான் அது, ஆனால் சிலருக்கு உடலிலேயே அது சுரக்காது. மாறாக, பித்தக்குழாய் அடைப்பில் புற்றுநோய் இல்லாமலேயே எகிறும்.

கே: (முதலில் கேட்டவர்) அப்பாவுக்குக் கிளைக் குழாய் ஐ.பி.எம்.என்., 14 மி.மீ., முடிச்சு இல்லை, பிரதான குழாய் 2 மி.மீ. அடுத்த ஸ்கேன் எப்போது சார்?

ப: 6 மாதத்தில் ஒன்று. மாற்றமில்லை என்றால் பிறகு 18 மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ.யே எடுங்கள். ஒரு தடவை சி.டி., மறு தடவை எம்.ஆர்.ஐ. என்று மாற்றினால் வளராத கட்டியும் ஒன்றிரண்டு மி.மீ. வளர்ந்ததாகத் தோன்றும். ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். புதிய படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இடையில் காமாலை, காரணமில்லாத எடைக் குறைவு, திடீர்ச் சர்க்கரை, கடும் வயிற்று வலி வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.