மழைத் தண்ணீரில் போய் வந்தபின் எரியும் என்ஜின் விளக்கு
நண்பரே, சென்னை கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் போய் வந்த மறுநாளிலிருந்து உங்கள் பழைய பெட்ரோல் காரில் என்ஜின் விளக்கு எரிகிறது, சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது என்கிறீர்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும், பெரிய செலவு. நிலையாக எரிந்தால் மெதுவாக மெக்கானிக் வரை போகலாம்.

மெக்கானிக் ஸ்கேனர் மாட்டியதும் அது காட்டும் கோளாறு எண்ணைக் (கோடு, code) குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அழிக்க விடாதீர்கள். பி0301 வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயில் தனித்தனியாக உள்ள வண்டி என்றால், என்ஜின் ஆறியதும் முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர்) என்று மாறினால் காயில்தான் கோளாறு. அப்புறம், கழற்றும்போதே பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, காயில் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.