வீட்டுக் கடன் தவணை தவறினால் வங்கி என்ன சொல்ல வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வேலை போய்விட்டது. அடுத்த மாதத் தவணை கட்ட முடியாது என்று இப்போதே தெரிகிறது. வங்கியிலிருந்து கடிதம் வரட்டும் என்று இருக்கலாமா?

பதில்: இருக்காதீர்கள். இந்த வாரமே கிளைக்குப் போய், வேலை போன விவரத்தையும் இப்போதைக்கு எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வராக்கடன் (வசூலாகாத கடன் என்று வங்கி வகைப்படுத்துவது) ஆகிவிடும். அப்புறம் நிலுவை முழுவதையும் கட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். கடன் காலத்தை நீட்டவோ, சில மாதங்களுக்குத் தவணையைக் குறைக்கவோ கேட்பதென்றால் அந்த 90 நாள் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் வங்கி சம்மதிக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதம் பின்னால் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

கேள்வி: இரண்டு தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. 'உடனே கட்டவும், தவறினால் சட்ட நடவடிக்கை' என்று எஸ்எம்எஸ் மட்டும் வருகிறது. வங்கியின் கடமை இவ்வளவுதானா?

பதில்: இல்லை. நினைவூட்டும்போதே அபராதக் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். விதித்துவிட்டால் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். இது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி போடவும் கூடாது. தவணை தவறிய விவரத்தை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும்போது உங்களுக்கும் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும்.

இது போதாது என்பதுதான் என் உறுதியான கருத்து. வீட்டைக் கைப்பற்றும் கட்டத்தில் அனுப்பும் நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் கறாராகச் சொல்கிறது. குடும்பத்தைக் காப்பாற்றக்கூடிய முதல் 90 நாளிலோ அந்தக் கறார் இல்லை. நிலுவை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டினால் வராக்கடன் ஆகாது, என்ன சலுகை கேட்கலாம், யாரைப் பார்க்க வேண்டும் - இந்த நாலு விவரமும் முதல் கடிதத்திலேயே, கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வெறும் மிரட்டலைப் பார்த்தால் பலர் போனை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பேசித் தீர்க்க வேண்டிய நாட்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன.

கேள்வி: 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் கட்டிய ஒரு தவணை கணக்கில் இல்லை. வீடு போய்விடுமா?

பதில்: உடனே போகாது. இது 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்; அடமானச் சொத்தைக் கோர்ட் வழக்கு இல்லாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வருவது. பாக்கித் தொகை, எந்தச் சொத்தின்மேல் நடவடிக்கை என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். விடுபட்ட தவணையின் ரசீதை இணைத்து, உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புங்கள். ஏற்க முடியாதென்றால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். நேரில் சொல்லிவிட்டு வந்தால் இந்த உரிமை கையில் நிற்காது.

60 நாள் முடிந்து வங்கி சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயம் இருக்கிறது; இந்தக் கட்டத்தில் வக்கீல் அவசியம். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னதாகவே உங்களுக்குத் தகவல் தர வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் பாக்கி முழுவதையும் செலவுகளோடு கட்டிவிட்டால் வீட்டை விற்க முடியாது.

கேள்வி: அந்த நோட்டீஸ் தபாலை வாங்காமல் திருப்பிவிட்டால் நல்லதா?

பதில்: கெடுதல்தான். வீட்டு வாசலில் ஒட்டிவிட்டு, இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடுவார்கள். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்கும். ஊருக்கே தெரியும், நாளும் ஓடிவிடும்.

கேள்வி: வசூல் ஏஜென்ட் இரவு ஒன்பது மணிக்கு என் மச்சானுக்குப் போன் செய்து திட்டுகிறார். இது சரியா?

பதில்: துளியும் சரியில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும் தடை செய்யப்பட்டவை. யார் ஏஜென்ட் என்பதை வங்கி உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்; நேரில் வந்தால் அடையாள அட்டையையும் வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். அழைப்பு வந்த நேரம், எண், பேசிய வார்த்தைகளைக் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.