உறையின் மேல் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டுச் சேலத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கர் வேலை தேடிவருகிறேன். இங்குள்ள நூற்பாலை ஒன்றின் விளம்பரத்தில், தன்விவரத்தையும் சான்றிதழ்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பவேண்டும், எதிர்பார்க்கும் ஊதியத்தைக் குறிப்பிடவேண்டும் என்றிருந்தது. நான் சான்றிதழ்களைச் செல்பேசியில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊதியத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விசாரித்தபோது, சொன்னபடி வராதவற்றைப் பார்க்கவில்லை என்றார்கள். டேலி கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரிந்தவனை இதற்காகவா ஒதுக்குவது? மீண்டும் எழுதிப் பார்க்கலாமா?

ச., அம்மாப்பேட்டை

அன்புள்ள ச.,

இளம் வயதில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். எழுத்தர் பணிக்கு விளம்பரம் செய்தபோது, உறையின் மேல் பணியின் பெயரை எழுதவேண்டும் என்று கேட்டிருந்தோம். பழம் பறிப்பு மும்முரமாக நடந்த டிசம்பர் மாதம் அது. தபால்காரர் கொண்டுவரும் கட்டுக்குள் வியாபாரிகளின் கடிதங்களும் உரக்கடை பில்களும் கலந்து கிடக்கும். பணியின் பெயர் இருந்த உறைகள் மேலாளர் மேசைக்குப் போயின. மற்றவை பொதுத் தட்டில் விழுந்தன. அவற்றை நான் பிரித்தபோது நேர்காணல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவற்றுள் ஒன்றில் இருந்த கையெழுத்து, தேர்வானவருடையதைவிட அழகானது. அதை எழுதியவரை யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் பார்க்கவே இல்லை. உங்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் நிபந்தனைக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வேலை இருக்கிறது. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ், கையொப்பத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் இடச் சொல்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இட்ட கையொப்பத்தை ஏற்பதில்லை. தேர்வு அறையில் நீங்கள் இடும் கையொப்பத்தை முன்பு பதிவேற்றியதோடு ஒப்பிட்டும் ஆள்மாறாட்டம் நடக்கவில்லை என்று உறுதிசெய்கிறார்கள் என்பதால், இரண்டும் ஒத்திருக்கவேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்வழி ஒதுக்கீட்டைக் கோருவோர், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பையும் தமிழில் படித்திருக்கவேண்டும். அறிவிக்கையின் அந்தப் பத்தியைத் தாண்டிப் போனவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் திகைத்து நிற்கிறார்கள். (அர்த்தமற்ற நிபந்தனைகளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சிறு வேலைக்கு மூன்று நகல்களும் அவற்றில் அதிகாரியின் சான்றொப்பமும் கேட்பவர்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது.)

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்டது கணக்கர் வேலை. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் ஜிஎஸ்டி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நிறுவனம் அதை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் முடிக்கவேண்டும். தவறினால், வரி செலுத்தவேண்டிய மாதமாக இருந்தால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் வட்டி. கேட்ட கட்டத்தில் கேட்ட எண்ணை நிரப்புவதே அந்த நாற்காலியின் அன்றாடம். ஊதியக் கட்டத்தை 'பிறகு பேசலாம்' என்று காலியாக விட்டவரிடம் உள்ளீட்டு வரிக் கணக்கை, அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் கணக்கை, ஒப்படைக்க ஆலைக்காரர் தயங்கினால், அவரை நான் குறைசொல்ல மாட்டேன். உங்கள் டேலித் திறமையை அவர் இன்னும் பார்க்கவில்லை; அவர் கண்ணில் பட்ட உங்கள் வேலை அந்த விண்ணப்பம் ஒன்றுதான்.

மீண்டும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இடம் நிரம்பிவிட்டதா என்று தொலைபேசியில் கேளுங்கள். நிரம்பவில்லை என்றால் சான்றிதழ்களை ஐந்து ரோட்டுப் பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் இட்டு, ஊதியத் தொகையை எண்ணில் எழுதி அனுப்புங்கள். வாட்ஸப் படங்களைப் பற்றி விளக்கம் எதுவும் அதில் வேண்டாம்.